சென்னையிலிருந்து திரும்பும்போது நான்கு மணி நேரத்தை மட்டும் கூட்டாதீர்கள்

நேர வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்காததால் விமானத்தைத் தவறவிட்டு, இந்த ஆண்டில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் பயண முகவர் அலுவலகத்தை அழைத்த ஐந்தாவது குடும்பம் அது. சென்னையில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு, இரவு 11.30 மணி விமானத்தில் கோலாலம்பூர் வந்து, காலை 6.45 மணி விமானத்தில் பினாங்கு செல்ல அவர்களே தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தார்கள். உள்நாட்டு டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் அதைத்தான் முதலில் வாங்கியிருக்கிறார்கள். சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சுமார் 2,600 கிலோமீட்டர், பறக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்று கைப்பேசி காட்டியிருக்கிறது. பதினொன்றரையுடன் நான்கைக் கூட்டி, அதிகாலை மூன்றரைக்கே இறங்கிவிடலாம் என்று நம்பிவிட்டார்கள். விமானம் சிறிதும் தாமதிக்கவில்லை. ஆனால் இறங்கியபோது கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ கடிகாரத்தில் மணி 5.50. குடிநுழைவு வரிசையைக் கடந்து பெட்டிகளை எடுப்பதற்குள் பினாங்கு விமானம் கிளம்பிவிட்டது. முழங்கால் வலியோடு வந்த பாட்டி உட்பட ஐவருக்கும் புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று.

கைப்பேசி சொன்ன நான்கு மணி நேரம் தவறன்று. டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு மணி சென்னைக் கடிகாரத்தின் மணி. வந்துசேரும் மணி கோலாலம்பூர்க் கடிகாரத்தின் மணி. நம் மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் திரும்பும் பயணத்தில் பறக்கும் நேரத்தோடு அந்த இரண்டரையையும் கூட்டியே ஆக வேண்டும். போகும்போது நடப்பது இதற்கு நேர் எதிர்: காலை 10.00 மணிக்குக் கிளம்பும் விமானம் 11.20க்குச் சென்னையை அடைவதாக டிக்கெட் காட்டும். "ஒன்றேகால் மணி நேரம்தானே அண்ணே, சாப்பாடு எதற்கு?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது மூன்று மணி ஐம்பது நிமிடப் பயணம். நீரிழிவு உள்ளவர்கள் தயவுசெய்து இதை மனத்தில் வைத்து உணவையும் மருந்தையும் திட்டமிடுங்கள்.

வயதானவர்கள் சிலர் இன்றும் இரண்டு மணி நேர வித்தியாசம் என்றே கணக்கிடுகிறார்கள். அது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபட வேண்டும் என்பதற்காக 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. அன்று முதல் வித்தியாசம் இரண்டரை.

தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து மூன்று மணி நேரம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பயண நேரம் என்பது விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுவாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், ஏறுவதும், இறங்குவதும் அதில் அடக்கம்.

ஆகவே, வந்துசேரும் மணியை நீங்களே கணக்கிடாதீர்கள். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள், பக்கத்தில் உள்ள தேதியையும் சேர்த்து. 14ஆம் தேதி இரவு சென்னையில் ஏறினால் பினாங்கு டிக்கெட் 15ஆம் தேதிக்குத்தான் இருக்க வேண்டும். முடிந்தவரை முழுப் பயணத்தையும் ஒரே முன்பதிவில் எடுங்கள்; முதல் விமானம் தாமதித்தால் அடுத்ததில் இடம் தேடித் தரும் பொறுப்பு அப்போது விமான நிறுவனத்துடையது. தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். ஐயம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த ஒரு முகவரை அழைத்துக் கேளுங்கள். அதற்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை.