பழைய அம்பாசடருக்கு அலாய் வீல், டிஸ்க் பிரேக்: சட்டம் எதுவரை விடும்?

1970 வாக்கில் பதிவான அம்பாசடரை ஓட்டிப் பார்ப்பவருக்கு முதலில் உறைப்பது பிரேக். நாலு சக்கரத்திலும் டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து ஷூ உரசி நிறுத்தும் வகை. மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். முன்னால் டிஸ்க் (சுழலும் தட்டைப் பேட் இருபுறமும் கவ்வும் பிரேக்) போட்டுவிடலாமா, கையோடு அகலமான அலாய் வீலையும் மாட்டிவிடலாமா என்று பட்டறையில் பேச்சு எழும். சரி, ஆனால் ஆர்சி புக்கை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 சொல்வது இது: தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களும் ஆர்சியில் உள்ள விவரங்களும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. ‘மாற்றம்’ என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பில் கை வைப்பது என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே படித்தது. அனுமதி வாங்கிச் செய்த மாற்றமானாலும் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும்.

ஆர்சியில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், வீல்பேஸ், சீட் எண்ணிக்கை, நிறம் எல்லாம் இருக்கும். பிரேக் டிரம்மா டிஸ்க்கா என்று இருக்காது. அதனால் தப்பு இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அவ்வளவு தைரியம் சொல்ல மாட்டேன். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாமல் உதிரி பாகங்களைப் பொருத்துவதையும் பேர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. தண்டனை ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீல் ஒன்று, பிரேக் ஒன்று என்று எண்ணினால் 10,000. பாதுகாப்புக்காகத்தானே மாற்றினேன் என்று சொல்ல அந்தப் பிரிவில் தனி விலக்கு இல்லை. எனக்கு இது குறையாகவே படுகிறது.

50 வயது தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத, அசல் வடிவில் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிந்தால் நம்பரில் ‘விஏ’ வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதி பெரிய மாற்றம் என்று எடுத்துச் சொல்வது சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றையும்தான். வீலும் பிரேக்கும் அதில் இல்லை. ஆனால் ‘அசல் வடிவம்’ என்ற சொல் அப்படியே நிற்கிறது. பளபளக்கும் அலாயோடு போய் நின்றால் விண்டேஜ் மனுக்களைப் பார்க்கும் மாநிலக் குழு என்ன கேட்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதோடு விண்டேஜ் வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது: கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். நல்ல பிரேக் வேண்டும் என்கிறவர் தினமும் ஓட்டுகிறவர். அவருக்கு இந்தப் பதிவு உதவாது.

சாதாரணப் பதிவிலேயே இருந்தால் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஐந்து ஆண்டாக ரெனியூவல். அங்கே வண்டியைப் பார்ப்பவரை நம் ஊரில் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே சொல்வோம், காரணமில்லாமல் இல்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துப் பாருங்கள். டயர் மட்கார்டில் உரசினாலோ, வீல் பாடியைவிட வெளியே பிதுங்கினாலோ அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். டயர் தேய்மானமும் முக்கியம்: காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். டிஸ்க் போட்டவர்கள், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் (லைன்) தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் கவனிக்க வேண்டும். டிரம்முக்கான பழைய சிலிண்டர் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்தே வைத்தால், பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

வேலை தொடங்கும் முன், எந்த பாகம், என்ன அளவு என்று எழுதி ஆர்டிஓ அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றம் கிளெய்ம் நேரத்தில் வில்லங்கமாகும். கழற்றிய டிரம்களையும் இரும்பு வீல்களையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். விண்டேஜ் குழு வரும் நாளில் அவைதான் கீழே இறங்க வேண்டும்.