கணவர் வராத கிளினிக்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கங்களிலிருந்து பிள்ளைப்பேறு வேண்டி எம்மிடம் வரும் பெண்களில் பலர், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, நாட்டு மருந்தும் குடித்துப் பார்த்த பின்னர், மாமியாரையோ தாயையோ துணைக்கு அழைத்து வருகிறார்கள். கணவர் வருவதில்லை. கருத்தடையற்ற உறவு தொடர்ந்தும் 12 மாதங்களில் கருத்தரிக்காத நிலையையே உலக சுகாதார நிறுவனம் கருவளக் குறைபாடு என்கிறது. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்துடன் வைத்தியரிடம் வருவதே நல்லது. காரணம் ஆணிடமும் இருக்கக்கூடும் என்பதை ஏற்க வைப்பதற்கே எமக்குப் பல கிளினிக் நாட்கள் போய்விடுகின்றன.

ஆணுக்கு முதலில் செய்யவேண்டியது எளிய விந்துப் பரிசோதனைதான். 2 முதல் 7 நாட்கள் வரை உறவைத் தவிர்த்திருந்து கொடுக்கும் மாதிரி, ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும். வீட்டில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் வன்னித் தூரத்துக்கு அது நடக்காது. வைத்தியசாலையிலேயே மறைவான ஓர் அறை வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் எடுப்பதால், விந்தணுவைப் பாதிக்கும் புகையிலையை விட்டவர் அடுத்த வாரமே பலனை எதிர்பார்த்து மனம் தளரக்கூடாது.

அரச வைத்தியசாலையில் ஆலோசனை இலவசம். ஆனால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ திரும்பத் திரும்பச் செல்லும் செலவும், இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல. தனியாரிடம் சோதனைக்குழாய் முறைக்குப் பல இலட்சம் ரூபாய் போகிறது. போக்குவரத்துப் படியையும், குறைந்தது ஒரு தடவைச் சிகிச்சையையும் அரசு ஏற்பது சலுகையாகாது என்பதே என் கருத்து.

தத்தெடுப்பைச் சிகிச்சை தோற்றவர்களுக்கான ஆறுதல் பரிசாகச் சொல்வதை நான் தவிர்க்கிறேன். (தத்தெடுத்தால் தானாகக் கரு தங்கும் என்று ஊரில் சொல்வதற்கு மருத்துவ ஆதாரமும் இல்லை.) வடக்கில் தத்தெடுப்பு புதிய வழக்கமல்ல, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமாக 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே உறவினர் சம்மதத்துடன் மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளை எடுக்கும் முறை இருக்கிறது. ஆயினும் இன்று 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். விண்ணப்பிப்பவர் 25 வயதுக்குக் குறையாமலும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. வறுமையில் பெற்ற தாயிடமிருந்து கையோடு வாங்கித் தம் பெயரில் பிறப்பைப் பதிவது குற்றம். போரில் தாய் தந்தையை இழந்த பிள்ளைகளைக் கட்டளையின்றி அன்போடு வளர்த்தவர்களும் காணி உறுதி எழுதும் நாளில்தான் சிக்கலை உணர்கிறார்கள். அத்தகையோர் தயங்காமல் சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தரை அணுகலாம். வீடு தேடி வந்து விசாரிப்பது அவருடைய கடமை, குற்றம் பிடிப்பதற்காக அல்ல.