மின்ரம்பத்தில் கழற்றி வைக்கப்படும் இரண்டு பாகங்கள்

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது கதவு நிலையை அறுத்தெடுக்கவும், துருப்பிடித்த ஜி.ஐ. பைப்பைத் துண்டிக்கவும் ரெசிப்ரோகேட்டிங் சா எனப்படும் மின்ரம்பம் இப்போது தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. பழுதுபார்ப்பதற்காக எங்கள் பட்டறைக்கு வரும் இயந்திரங்கள் பலவற்றில் இரண்டு பாகங்களைக் காண முடிவதில்லை. ஒன்று, பிளேடைச் சுற்றி முன்புறம் நிற்கும் இரும்புத் தாங்கியான ஷூ. மற்றொன்று, கியர் பெட்டியின் மேல் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை. ஷூவை, மூலையில் அறுப்பதற்கு இடைஞ்சல் என்று கழற்றி வைக்கிறார்கள். ரப்பர் உறை கிழிந்துவிட்டால் புதியது வாங்கிப் போடுவதில்லை. இவை இல்லாமலும் இயந்திரம் ஓடும் என்பதால்தான் இவற்றின் அருமை தெரியாமல் போகிறது.

இந்த ரம்பத்தின் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 3000 முறை வரை முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்தின் நீளமும் ஏறத்தாழ 30 மி.மீ. பெரும்பாலான பிளேடுகளின் பற்கள் பின்னோக்கி இழுக்கப்படும்போதுதான் அறுக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டு ஷூ மரத்தின் மேல் அழுந்தி நின்றால், இயந்திரம் ஓரிடத்தில் நிற்க, பிளேடு மட்டும் ஓடி அறுக்கும். ஷூ ஓர் அங்குலம் தள்ளி நின்றாலோ, கழற்றப்பட்டிருந்தாலோ, பிளேடு மரத்தில் கவ்விக்கொண்டு நிற்க, இயந்திரமும் அதைப் பிடித்திருக்கும் கைகளும் சேர்ந்து குலுங்கும். பிளேடு வளைவதும், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தேய்வதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

பிளேடின் நீளத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பிளேடு முழுவதும் உள்ளே இழுக்கப்பட்ட நிலையிலும் அதன் நுனி, அறுபடும் பொருளின் மறுபக்கத்தில் வெளியே தெரிய வேண்டும். நுனி மரத்துக்குள்ளேயே மறைந்துவிட்டால், அடுத்த ஓட்டத்தில் அது அறுபட்ட பள்ளத்தின் சுவரில் முட்டி, இயந்திரத்தை ஆளை நோக்கித் தள்ளும். அதேபோல் மறுபக்கத்தில் சுவரோ கம்பியோ இருந்து நுனி அதில் இடித்தாலும் இதே உதைப்புதான். ஏணியின் மேல் நின்று ஒரு கையால் அறுப்பவருக்கு இந்த ஓர் உதைப்பு போதும், நிலைகுலைந்து விழுவதற்கு.

ரப்பர் உறையை வெறும் பிடிமானத்துக்கானது என்று பலரும் நினைக்கிறார்கள். அறுக்கும்போது இடது கை பிடிப்பது அந்த இடத்தைத்தான். அதன் அடியில் இருப்பது உலோகம். சுவருக்குள் ஓடும் கன்சீல்டு வயரை பிளேடு வெட்டினால், பிளேடு வழியாக அந்த உலோகப் பகுதி முழுவதிலும் மின்சாரம் பாயலாம். இரட்டைக் காப்பு உள்ள இயந்திரம் என்பதால் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை இங்கே உதவாது. இயந்திரத்துக்குள் ஏற்படும் மின்கசிவுக்கான பாதுகாப்பு அது, வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்கானது அன்று.

ஆகவே சுவரை ஒட்டி அறுப்பதற்கு முன் அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வேறோர் இணைப்பிலிருந்து, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாக ரம்பத்துக்கு மின்சாரம் எடுப்பது நல்லது. மெயினை இறக்கியதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயினை இறக்கிய அடுத்த நொடியே விளக்கு, ஃபேன் லைன்களில் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துவிடும். இன்வெர்ட்டரையும் அணைத்து, அருகிலுள்ள சுவிட்ச் பாக்ஸில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பிளேடு சுவரை நெருங்க வேண்டும். பைப்பை அறுப்பதானால் தண்ணீர் வால்வை மூடி, உள்ளே தேங்கியிருப்பதையும் வடித்துவிட வேண்டும்.

மரத்துக்கு அங்குலத்துக்கு 6 பற்கள் உள்ள பிளேடும், ஜி.ஐ. பைப்புக்கு 14 முதல் 18 பற்கள் உள்ள பிளேடும் பொருந்தும். உலோகத்தை அறுக்கும்போது வேகத்தைக் குறைத்தால் பற்கள் நீண்ட நாள் உழைக்கும். அறுத்து முடித்த பிளேடு தோலைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பிளேடு ஆறிய பிறகுதான் மாற்ற வேண்டும். டிரிகரிலிருந்து விரலை எடுத்ததை மட்டும் நம்பி பிளேடில் கை வைக்கக் கூடாது. கண்ணாடி, காதடைப்பான், தூசி முகமூடி மூன்றும் எப்போதும் வேண்டும்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. காற்றுத் துளைகளில் அடைந்த மரத்தூளையும் சிமென்ட் தூசியையும் அன்றன்றே அகற்றி, கிளாம்ப்பைத் துடைத்து வைத்தாலே பாதிப் பழுதுகள் வராது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள் தேய்ந்தால் மோட்டாருக்குள் தீப்பொறி அதிகமாகும். அப்போது இரண்டையும் ஒருசேர மாற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டி, அந்தச் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைக் கருக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் பிரஷ்ஷின் விலை ஆர்மேச்சரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஒயரில் வெட்டுப்பட்டிருந்தால் டேப் சுற்றாமல் முழு ஒயரையே மாற்றுங்கள். நாள் வாடகைக்கு எடுப்பவர்கள், ஷூ ஆடாமல் இருக்கிறதா, ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேறு இயந்திரம் கேளுங்கள்.