கழிவு வெளியேறுது என்று எழுப்பாமல் விட்ட கதை

தண்ணீர் விரதம் இருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், இரண்டு மாதத்தில் இவர் நாலாவது ஆள். இரவு டியூட்டி முடிந்து வந்தும் தூக்கம் வராமல் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

வயது ஐம்பத்திரண்டு. மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்கிளசைடும், பிரஷருக்கு லொசார்டனும் ஏழெட்டு வருடமாகப் போட்டு வருகிறார். கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஒரு தேதிகூடத் தவறவில்லை. அவ்வளவு ஒழுங்கான மனிதர். அந்த ஒழுங்குதான் அவரைக் கவிழ்த்தது. தண்ணீர் மட்டும் குடித்தால் உடம்பின் கழிவெல்லாம் வெளியேறும் என்ற யூடியூப் வீடியோவைப் பார்த்து ஏழு நாள் தண்ணீர் விரதம் தொடங்கியவர், விரதத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. நாலாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். வெளியே பனி கொட்டுகிறது, இவருடைய சட்டை வியர்வையில் தோய்ந்து கிடக்கிறது. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 31க்கு இறங்கிக் கிடக்கிறது.

ஐம்பது வீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "கடை தொறந்தாச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"ராத்திரி பத்து மணிக்கே ஏதேதோ புலம்புனாரு டொக்டரம்மா. கழிவு வெளியேறுறப்ப அப்படித்தான் இருக்கும், பயப்படாத, எழுப்பாதன்னு மொத நாளே சொல்லி வச்சிருந்தாரு. அதான் எழுப்பாம விட்டோம்."

பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஆறு மணித்தியாலம். ஒரு கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்திருந்தால் எழும்பியிருக்கக்கூடிய மனிதர், பிழைத்தது அதிர்ஷ்டம். விடிந்ததும் வீட்டார் "தெளிஞ்சிட்டாரே, கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். கிளிக்கிளசைட் இரத்தத்தில் இருக்கும்வரை சுகர் திரும்பவும் இறங்கும், அதுவும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு மணிக்கணக்கில் இழுக்கும். அன்று மத்தியானமே 48க்கு இறங்கியது. இளம் வைத்தியர்கள் யாராவது இதைப் படித்தால் மனதில் வையுங்கள், இந்த மாத்திரையோடு வரும் ஆளை டெக்ஸ்ட்ரோஸுக்கு எழும்பிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

சரி, இந்தக் "கழிவு" விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான்.

எந்தக் கழிவு? பெயரைச் சொல்லுங்கள். யூரியாவா, கிரியேட்டினினா? அதைச் சிறுநீரகம் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. பிலிருபினா? அது ஈரலின் வேலை. இரண்டும் விரதத்துக்காகக் காத்திருப்பதில்லை. சொல்லப்போனால், எங்களால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு கழிவு, யூரிக் அமிலம், நீண்ட பட்டினியில் இரத்தத்தில் கூடுகிறது. கொழுப்பு கரைந்து வரும் கீட்டோன்களும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் ஒரே வாசலுக்குப் போட்டி போடும், யூரிக் அமிலம் உள்ளேயே தங்கிவிடும். என் மூன்றாவது ஆள் அப்படித்தான் வந்தார். ஆறாம் நாள் கால் பெருவிரல் வீங்கி, செருப்புப் போட முடியாமல், மகன் முதுகில். அவரும் "நச்சு காலுக்கு இறங்குது டொக்டர்" என்றார். கவுட் ஐயா அது, யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வீங்குகிற கவுட்.

வாய் நாறுகிறதே என்பார்கள். அழுகிய பழம் மாதிரி வரும் அந்த வாசம் அசிட்டோன். உள்ளே தேங்கிக் கிடந்த எதுவும் வெளியே வரவில்லை, உங்கள் கொழுப்பை எரித்து உடம்பு அன்றுதான் புதிதாகச் செய்தது. நாக்கில் வெள்ளை படிவது, மெல்லுவதும் எச்சில் ஊறுவதும் குறைந்ததால். எழும்பி நின்றால் கண் இருட்டுவது, இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விட்டுவிடுவதால் பிரஷர் விழுவது. நெஞ்சு படபடப்பு பொட்டாசியமோ மக்னீசியமோ குறைந்ததாக இருக்கலாம், அதை ஈசிஜி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வியர்த்துக்கொட்டிப் புலம்புவது என்னவென்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் தலைவலி இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. "பயங்கரத் தலையிடி, நச்சு தலையில இருந்து இறங்குது" என்கிறார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். காலையில் பல் விளக்கியதும் ஒரு பிளேன்டீ, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகுமுன் ஒன்று, பத்து மணித் தேத்தண்ணி, மத்தியானம், சாயங்காலம் என்று நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிக்கிற உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? கஃபீன் நிறுத்தினால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும் வலி அது. சீனி போடாத ஒரு கோப்பை பிளேன்டீ குடித்தால் "நச்சு" அரை மணியில் காணாமல் போய்விடும். தேயிலை விளைகிற மண்ணில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, நோபல் பரிசு. ஒவ்வொரு வீடியோவிலும் வரும். யொஷினோரி ஒசுமி 2016ல் மருத்துவத்துக்கான நோபல் வாங்கியது உண்மை. அவர் பார்த்தது உயிரணு தன் பழைய பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்தும் விதத்தை. பார்த்தது எதில்? ஈஸ்ட்டில். பாண் போடும்போது மாவைப் பொங்க வைக்கிறோமே, அந்த ஈஸ்ட்டில். ஏழு நாள் தண்ணீர் குடித்தால் சீனி வருத்தம் போகும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இன்னொருவர் பெயரும் அடிபடும், ஸ்கொட்லாந்தின் அங்கஸ் பார்பியேரி. 1965லிருந்து 66 வரை 382 நாள் சாப்பிடாமல் இருந்தவர். அதுவும் உண்மைதான். அவர் தொடங்கும்போது எடை 207 கிலோ. வைத்தியர்கள் கண்காணிப்பில் இருந்தார், விற்றமின், ஈஸ்ட், பொட்டாசியம், சோடியம் எல்லாம் கொடுத்தார்கள், இரத்தமும் சிறுநீரும் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் இப்படிப் பட்டினிச் சிகிச்சை எடுத்த சிலர் இறந்தும் போனார்கள், அதனால்தான் அது வழக்கொழிந்தது. வீடியோவில் அந்தப் பாதி இருக்காது. 46 கிலோ எடையில், இரத்தசோகையில் ஹீமோகுளோபின் 8 வைத்துக்கொண்டு, பார்பியேரி இருந்தாரே என்று என்னிடம் கேட்ட அக்கா ஒருவரும் உண்டு. அவர்தான் என் முதல் ஆள். மூன்றாம் நாள் கொழுந்துக் கூடையோடு சரிவில் மயங்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அரைப்பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது கிடைக்கட்டும் என்று அந்த நிலையிலும் மலைக்குப் போயிருக்கிறார்.

"ஆனா மூணு நாள்ல மூணு கிலோ குறைஞ்சிச்சே" என்பீர்கள். குறையும். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைக்கோஜன் சுமார் அரைக் கிலோ, ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது, உப்போடு இன்னும் கொஞ்சம் போகிறது. சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். கொழுப்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 1,800 கலோரி செலவழிக்கிற பெண் ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும், முழுக்கக் கொழுப்பிலிருந்தே எடுத்தாலும், ஒரு நாளில் கால் கிலோகூடக் குறையாது. முழுக்கக் கொழுப்பிலிருந்து எடுப்பதும் இல்லை. முதல் நாட்களில் தினமும் 75 கிராம் வரை புரதம் கரைகிறது, பெரும்பகுதி தசை. கறிக்கடையில் நிறுத்தால் முந்நூறு கிராம் இறைச்சி வரும் அளவு. தராசு முள் இறங்கும் சந்தோஷத்தில் இது தெரியாது, லயத்துப் படி ஏறும்போது தொடை சொல்லும்.

இதுவரை சொன்னது விரதம் இருக்கும்போது நடப்பது. எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது விரதம் முடிக்கும் நாள்.

இரண்டாவது ஆள் ஒரு தங்கச்சி, இருபத்து நாலு வயது. பரிசம் போடுவதற்கு முன் மெலிய வேண்டுமென்று பதினொரு நாள் தண்ணீரில் இருந்திருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல், விடுதியில். பரிசத்தன்று எல்லாரும் ஊட்டிவிட்டார்கள். பாற்சோறு, லட்டு, மத்தியானம் சோறு, இரவு புரியாணி. "அன்னைக்கு நல்லாத்தான் இருந்தா" என்று அம்மா சொன்னார். மூன்றாம் நாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, தண்ணீர்க் கோப்பையைத் தூக்கக் கை வராமல் வந்தாள். பொட்டாசியம் 2.4. பொஸ்பேட்டும் தரைமட்டம். நாலு நாள் மொனிட்டரில் வைத்திருந்தோம். அவள் தூங்கினாள், நாங்கள் தூங்கவில்லை.

பட்டினியில் காய்ந்த உடம்புக்குள் ஒரேயடியாக மாப்பொருள் போனால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் மிச்சமிருக்கும் பொஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் உயிரணுக்களுக்குள் பாயும். இதயமும் மூச்சுத் தசையும் வெறுங்கையோடு நிற்கும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்டவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தபோதே வைத்தியர்கள் கண்ட விஷயம்தான். தயமின் விற்றமினும் அந்த நேரத்தில் வற்றியிருக்கும், அது இல்லாமல் மாப்பொருள் போனால் மூளையையும் பாதிக்கும். அதனால் ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவரை நாங்கள் சந்தேகக் கண்ணோடு பார்ப்போம். பத்து நாள் தாண்டினால் ஆபத்தான ஆள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவருக்கு முதல் நாள் ஒரு கிலோ எடைக்குப் பத்து கலோரி, அதற்கு மேல் இல்லை. ஐம்பது கிலோ ஆளுக்கு நாள் முழுக்க ஒரு பெரிய ரொட்டியும் கொஞ்சம் பருப்பும், அவ்வளவுதான். தயமின் முதலில், சாப்பாடு பிறகு. இதை வீட்டில் செய்ய முடியாது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

எங்கள் அப்பாயி 1973, 74 பஞ்சத்தைக் கண்டவர். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்த காலம். ரொம்ப நாள் பசித்துக் கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணி, பிறகு கஞ்சி, அப்புறம்தான் சோறு என்பார். பொஸ்பேட் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

விரதமே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பி வராதீர்கள். என் வீட்டிலும் கந்தசஷ்டி பிடிக்கிறார்கள். பாலும் பழமும், ஒரு வேளைச் சோறும் வைத்துக்கொண்டு ஆறு நாள் இருக்கும் நல்ல உடம்புக்காரருக்கு என்னிடம் சண்டை இல்லை. இந்த விஷயத்தில் எங்கள் முஸ்லிம் நோயாளிகளைப் பாராட்ட வேண்டும். ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே கொப்பியோடு வந்து, "டொக்டர், நோன்புக்கு மாத்திரைய எப்படி மாத்துறது?" என்று கேட்கிறார்கள். அதுவும் பகல் நோன்புதான், இரவில் சாப்பாடு உண்டு, அப்படியிருந்தும் கேட்கிறார்கள். ஏழு நாள் தண்ணீர் விரதக்காரர் ஒருவரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

ஆகவே, கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் மாதிரி மாத்திரை போடுகிறவர் தானாக நீண்ட விரதம் தொடங்கவே கூடாது. தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, அது வேறு கூத்து. பிரைவேட்டில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சீனி வருத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் கவனம், சுகர் நல்லாயிருப்பது போலக் காட்டிக்கொண்டே இரத்தம் அமிலமாகிவிடும், குளுக்கோமீட்டரில் தெரியாது. பிரஷர் மாத்திரை, தண்ணீர் போகிற மாத்திரை போடுகிறவர்களும் அப்படித்தான். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், சிறுநீரகம் அல்லது இதயம் பலவீனமானவர்கள், வலிப்புக்காரர்கள், கவுட் உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். பட்டினியில் உடம்புச் சூடும் குறையும், நுவரெலியாக் குளிரில் அது விளையாட்டில்லை. விரதத்தோடு மலைக்குப் போகாதீர்கள். பருவகாலத்தில் சிவனொளிபாதமலை ஏறுவதாக நேர்ந்திருந்தால் தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், சாமி கோபிக்க மாட்டார்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு கெஞ்சல். விரதத்தில் இருப்பவர் புலம்பினாலோ, வியர்த்துக் குளிர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தட்டியதும் எழும்பாவிட்டாலோ அவர் முதல் நாள் என்ன சொல்லி வைத்திருந்தாலும் எழுப்புங்கள். விழுங்கக்கூடியவராக இருந்தால் சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒன்றையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 1990க்கு அழையுங்கள். ஏசுவார்களோ என்று விரதத்தை மறைக்காதீர்கள், ஏசுவேன்தான், ஆனால் மருந்து ஏற்றிய பிறகுதான் ஏசுவேன்.

கடைக்காரர் நேற்று வீட்டுக்குப் போனார். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். போகும்போது, "அடுத்த மாசம் சஷ்டி வருதே டொக்டரம்மா, ஒரு நேரம் சாப்பிட்டு இருக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொப்பியை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மனைவியையும் கூட்டி வரச் சொன்னேன்.