போர்க்கால ஏர் கன்னரின் பணிப்பதிவேடு: யார் கேட்கலாம், என்ன கிடைக்கும்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவுக்கு) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று ஒரு துணைப்பெயர் இருந்தது. சென்னை மாகாணம் திரட்டிக் கொடுத்த பணத்துக்கு மரியாதையாக வைத்தது. 1940-இல் அவர்கள் ஓட்டிய டிஃபையன்ட் விமானத்தில் முன்பக்கம் பொருத்திய துப்பாக்கியே கிடையாது. நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளும் விமானிக்குப் பின்னால், சுழலும் கூண்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஏர் கன்னர் என்ற துப்பாக்கி வீரரிடம்தான். அப்படி ஒருவரின் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்க என்ன விதி?

அவர் இறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், உறவினராக இருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பணியிலேயே உயிரிழந்தவருக்கு அது தேவையில்லை. இறந்து 25 ஆண்டு ஆகாவிட்டால், நெருங்கிய வாரிசின் சம்மதம் இல்லாமல் பெயர், எண், பதவி, பதக்கம் போன்ற அடிப்படைத் தகவல்தான் தருவார்கள். 25 ஆண்டு கடந்துவிட்டால் எந்தெந்தப் பிரிவில், எப்போது இருந்தார் என்பதும் வரும்.

எங்கே கேட்பது என்பதுதான் இப்போது கொஞ்சம் குழப்பம். இந்த ஆவணங்கள் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தன. 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தொகுதி தொகுதியாக மாறுகின்றன. முதலில் காப்பகத்தின் பட்டியலில் பாருங்கள், இல்லையென்றால் அமைச்சகம். சேவை எண் தெரியாவிட்டால் காப்பகத்தின் ஏர் 78 (AIR 78) என்ற தொகுப்பில் பெயரை வைத்துத் தேடலாம். சார்ஜென்டாக இருந்து பிறகு அதிகாரியானவருக்கு எண்ணும் இரண்டு, பதிவேடும் இரண்டு. ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

பதிவேடு கைக்கு வந்ததும் பலருக்கு ஏமாற்றம்தான். ஒரே சுருக்கெழுத்தும் தேதியுமாக இருக்கும். எந்த இரவு எங்கே பறந்தார் என்று ஒரு வரி இருக்காது. அது ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பில், அதாவது காப்பகத்தின் ஏர் 27 (AIR 27) தொகுப்பில் இருக்கிறது. அதிலும் படிவம் 540 மாதத்தின் பொதுச் செய்தி. 541-இல்தான் விமான எண், குழுவினர் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம். இறங்கிய நேரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் விமானம் திரும்பவில்லை என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். இதற்குப் பணிப்பதிவேடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிரிவின் எண் தெரிந்தால் போதும்.

ஆனால் அதில் எழுதியதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரை மேலே 1940 மே 29-இல் மட்டும் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக 264-ஆம் ஸ்குவாட்ரன் கணக்குச் சொன்னது. ஜெர்மனியின் உண்மையான இழப்பு அதைவிட வெகு குறைவு. ஒரே விமானத்தை நாலு பேர் சுட்டால் நாலு பேரும் தன் கணக்கில் எழுதிக்கொள்வது சகஜம்.

வீட்டில் பழைய போட்டோ மட்டும்தான் இருக்கிறதா? மார்பில் 'ஏ.ஜி.' (ஏர் கன்னர்) எழுத்தோடு ஒற்றை இறக்கை தெரிந்தால் படம் 1939 டிசம்பருக்குப் பிந்தையது. அதற்கு முன்னால் கன்னர்களுக்குச் சட்டைக் கையில் சிறகு முளைத்த தோட்டாதான் சின்னம்.

அவர் கைப்பட எழுதிய பறத்தல் குறிப்பேடு காப்பகத்தில் கிடைப்பது அரிது. யாரும் வாங்கிக்கொள்ளாத குறிப்பேடுகளில் மாதிரிக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதை 1960 வாக்கில் அழித்துவிட்டார்கள். குடும்பத்துப் பெட்டியில்தான் பார்க்க வேண்டும்.