ஆறு அங்குலத் திரையில் ஏ4 பக்கம்

கிண்டில், கோபோ போன்ற சின்ன மின்னூல் வாசிப்பான்களில் நாவல் படிப்பவர்களுக்குப் பெரிய குறை எதுவும் தெரியாது. அதே கருவியில் ஒரு கல்லூரிக் கணிதப் பாடநூலின் பிடிஎஃப்பைத் திறந்தால் பக்கம் முழுதாகத் தெரியும், ஆனால் ஒரு வரிகூடப் படிக்க வராது. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். "இந்தத் திரை பாடநூலுக்கு ஆகாது" என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் திரையின் மேல் உள்ள குற்றம் கால்வாசிதான். மீதி முழுக்கக் கோப்பின் மேல்.

திரையின் கால்வாசியை முதலில் பார்த்துவிடலாம். இந்தத் திரையில் இருப்பது மின்மை (இ இங்க்) படலம். அதற்குள் தலைமுடிப் பருமனை ஒட்டிய குமிழ்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவம். அதில் டைட்டானியம் டைஆக்சைடாலான வெள்ளைத் துகள்களும், வேறு பொருளாலான கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். பின்னால் உள்ள மின்முனையில் ஏறத்தாழ 15 வோல்ட் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் போய்ச் சேரும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் போன இடத்திலேயே நிற்கும். அதனால்தான் மணிக்கணக்கில் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு யோசித்தாலும், படத்தைப் பிடித்து வைக்க பேட்டரி தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்கள் பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரும் உருவாக்கிய நுட்பம் இது. 1997-இல் இதற்காகவே இ இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது.

துகள் திரவத்துக்குள் நகர்ந்து போக நேரம் பிடிக்கும். வெறும் கறுப்பு வெள்ளை என்றால் சீக்கிரம் முடியும். 16 சாம்பல் படிநிலைகளில் ஒன்றில் துகள்களைச் சரியாக நிறுத்த வேண்டுமென்றால், மின்னழுத்தத்தைச் சின்னச் சின்னத் துடிப்புகளாகக் கொடுத்து, முன்பிருந்த படத்தின் மிச்சத்தையும் துடைக்க வேண்டும். பக்கம் திருப்பும்போது திரை ஒருமுறை கறுத்து வெளுப்பது அதற்காகத்தான். முழுமையாகப் புதுப்பிக்க அரை நொடி அளவில் ஆகும். நாவலுக்கு இந்த அரை நொடி ஒரு பொருட்டே இல்லை. பாடநூலில் "தேற்றம் 3.7-இன்படி" என்று வந்தால் நாற்பது பக்கம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போது ஒவ்வொரு அரை நொடியும் உறுத்தும். பெரிதாக்கிய பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு இழுப்புக்கும் திரை தன்னை மறுபடி வரைந்தாக வேண்டும்.

சரி, இப்போது கோப்புக்கு வருவோம். ஆறு அங்குலம் என்பது மூலைவிட்ட அளவு. திரையின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ., உயரம் 12 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. தாளின் அகலத்தைத் திரையின் அகலத்துக்குள் அடக்கினால் எல்லாமே 43 சதவீதமாகச் சுருங்கும். 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 4.3 புள்ளி ஆகிவிடும். கணித நூலில் சமன்பாட்டின் கீழ்க்குறிகள் வழக்கமாக 7 புள்ளியில் இருக்கும். அவை 3 புள்ளிக்கு இறங்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் உள்ள திரையில்கூட அந்தக் குட்டி 'i'-யின் உடல் பகுதிக்குக் கிடைக்கும் உயரம் ஐந்து பிக்சல்தான். 167 பிக்சல் கொண்ட பழைய திரையில் மூன்றே பிக்சல். மூன்று பிக்சலில் 'i' எது, 'j' எது, '1' எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்கும் பாடத்தில் அந்த வேறுபாடுதான் மொத்த விஷயமே.

நாவலைப் போல எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். நாவல் வருவது பெரும்பாலும் ஈபப் போன்ற வடிவத்தில். "இது ஒரு பத்தி" என்ற தகவல் அதற்குள் இருக்கும். எங்கே வரியை மடக்குவது என்பதைக் கருவி தன் திரைக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளும். 1993-இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப் வேறு தேவைக்குப் பிறந்தது: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒரு மயிரிழை மாறக்கூடாது. அதனால் இடமிருந்து இத்தனை, கீழிருந்து இத்தனை தூரத்தில் இந்த எழுத்துருவின் இந்த வடிவத்தை வை என்ற கட்டளைகள்தான் அதற்குள் வரிசையாக இருக்கும். பத்தி எங்கே முடிகிறது, பின்னத்தின் கோடு எந்த எண்ணுக்குச் சொந்தம் என்பதெல்லாம் பெரும்பாலான கோப்புகளில் பதிவாகியே இருக்காது. சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் போல, அதை எட்டியோ கிட்டவோ நின்று பார்க்கலாம்; உள்ளிருக்கும் வரிகளை மாற்றி அடுக்க முடியாது.

இருந்தாலும் வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். முதலில் நாலு பக்க ஓரங்களையும் வெட்டுங்கள். ஓரம் இரண்டரை செ.மீ. என்றால் எழுத்து நிற்கும் அகலம் 16 செ.மீ.தான். அப்புறம் கருவியைப் படுக்கையாகத் திருப்புங்கள். இப்போது 16 செ.மீ. வரி 12 செ.மீ. அகலத்தில் உட்காரும், எல்லாம் 75 சதவீதமாகத்தான் சுருங்கும். 10 புள்ளி எழுத்து ஏழரைப் புள்ளிக்குக் குறையாது, நம் கீழ்க்குறிக்கு ஒன்பது பிக்சல் கிடைக்கும். ஒரு பக்கத்தை மூன்று தவணையாகப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு மென்பொருளும் தேடாமல் கிடைக்கும் இந்த லாபத்தைப் பலர் முயன்று பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொரு படி மேலே போகிறது கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள். கோரீடர் என்ற வாசிப்புச் செயலிக்குள்ளும் இதன் நுட்பம் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது எழுத்தைப் படித்து அறிய முயல்வதில்லை. பக்கத்தைப் படமாக்கி, கிடைமட்டமாக எங்கெல்லாம் வெற்று வெள்ளைப் பட்டை ஓடுகிறதோ அங்கெல்லாம் வரிகளைப் பிரிக்கிறது. வரிக்குள் செங்குத்து இடைவெளிகளைப் பார்த்துச் சொற்களைப் பிரிக்கிறது. பிறகு அந்தச் சொற்படங்களைச் சின்னத் திரைக்குப் புதிதாக அடுக்குகிறது. மொழி எதுவானாலும் கவலையில்லை; ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூலிலும் வேலை செய்யும். ஆனால் வெள்ளை இடைவெளியை மட்டும் நம்பினால் சில இடங்களில் அடிபடத்தான் செய்யும். நீண்ட சமன்பாடு சமக்குறி இருக்கும் இடத்தில் முறியும், அகலமான அணியின் கடைசி நெடுவரிசை தனியாகக் கீழே இறங்கி நிற்கும்.

வண்ணப் படங்கள் நிறைந்த உயிரியல், கரிம வேதியியல் நூல்களுக்கு இந்த வழிகள் எதுவும் போதாது. சாம்பல் திரையில் சிவப்பு வரைகோடும் நீல வரைகோடும் ஒன்றாகவே தெரியும். திரையைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2009-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், ரீட் கல்லூரி உட்படச் சில இடங்களில் 9.7 அங்குலக் கிண்டில் டிஎக்ஸை மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். குறிப்பெழுதுவதும் நூலுக்குள் முன்னும் பின்னும் தாவுவதும் அங்கேயும் சிரமமாகவே இருந்தன.

எனக்குப் பிடித்த தீர்வு, திரைக்கு ஏற்ற பக்கத்தையே உருவாக்கிக்கொள்வது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் தமிழ் நூல்களை ஏ4 பிடிஎஃப்புடன் ஆறு அங்குலப் பிடிஎஃப்பாகவும் தருகிறது. தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாத பழைய கருவிகளிலும் கொம்பும் காலும் இடம் மாறாமல் தெரிவதற்கு, எழுத்து வடிவங்களை உள்ளே பொதிந்து வைக்கும் அதே பிடிஎஃப்தான் உதவியது. பாடநூலுக்கும் இதைச் செய்யலாம். ஜிம் ஹெஃப்பரான் எழுதிய நேரியல் இயற்கணித நூல், பக்கங்களை வடிவமைக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளுக்கான மூலக் கோப்போடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் ஆர்க்சைவ் (arXiv) தளத்தில் மிகப் பல கட்டுரைகளுக்கு மூலக் கோப்பு உண்டு. அதில் பக்க அளவை 9-க்கு 12 செ.மீ. என்று மாற்றி மறுபடி ஓட்டினால், வரிகள் புதிதாக மடங்கும். 10 புள்ளி எழுத்து 10 புள்ளியாகவே நிற்கும். நீளமான சமன்பாடுகள் மட்டும் வலது ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். எந்தெந்த வரி என்று லேடெக்கே பட்டியல் கொடுக்கும். அவற்றைக் கையால் உடைத்து எழுத வேண்டியதுதான்.