இன்டகிரேட்டட் கேர்: எதை எதோடு இணைப்பது?

இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பற்றி எதைப் படித்தாலும் 'இன்டகிரேட்டட் கேர் சிஸ்டம்' என்ற பெயர் வந்து நிற்கும். சுருக்கமாக ஐ.சி.எஸ். இதைத் தமிழில் 'ஒருங்கிணைந்த சிகிச்சை முறை' என்று எழுதினால், அலோபதியையும் சித்த மருத்துவத்தையும் கலந்து கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். ஆனால் இது சிகிச்சையின் பெயரே அல்ல. ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகள், குடும்ப மருத்துவர்கள், உள்ளாட்சி மன்றங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாம் கூடித் திட்டமிடும் ஏற்பாட்டின் பெயர்.

குழப்பத்துக்குக் காரணம் 'கேர்'. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் துயரம், கவலை என்று பொருள். ஒருவருக்காகக் கவலைப்படுவது நாளடைவில் அவரைக் கவனித்துக்கொள்வதாக மாறியது. இன்று இங்கிலாந்தில் 'ஹெல்த் அண்ட் கேர்' என்று சேர்த்துச் சொன்னால், பின்னால் வரும் 'கேர்' மருத்துவத்தைக் குறிக்காது. குளிப்பாட்டுவது, உடை மாற்றிவிடுவது, சாப்பிட உதவுவது, முதியோர் இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது ஆகியவைதான் அது.

இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த ஆண்டு 1948. ஜூலை 5ஆம் தேதி, அனைரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, என்.எச்.எஸ். பிறந்தது. சிகிச்சை இலவசமாயிற்று. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டமோ, முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. அங்கே வசதியைப் பார்த்துக் கட்டணம். கணக்கில் வரும் சொத்து 23,250 பவுண்டுக்கு மேல் இருப்பவர், இன்றும் பொதுவாக உதவியாளர் செலவைத் தாமே ஏற்க வேண்டும். இதன் விளைவை மருத்துவமனை வார்டில் பார்க்கலாம். இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிடும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் அமையாததால் கட்டிலை விட்டுப் போக முடியாது. மருத்துவர் ஒரு நிர்வாகம், உதவியாளர் வேறு நிர்வாகம். இருவருக்கும் பணம் வருவது வெவ்வேறு பெட்டியிலிருந்து. இணைக்கச் சொல்வது இவற்றைத்தான்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் கடற்கரையிலுள்ள டார்பே வட்டாரம் இதை முன்பே செய்து பார்த்தது. 2005இல் இரு தரப்புப் பணிகளையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தபோது, 'திருமதி ஸ்மித்' என்ற கற்பனை மூதாட்டியை நடுவில் வைத்துத் திட்டமிட்டார்கள். எந்த மாற்றம் வந்தாலும் ஒரே கேள்விதான்: இதனால் திருமதி ஸ்மித்துக்கு என்ன ஆகும்? சட்ட வாசகங்களைவிட இந்தக் கேள்வி சொல்லின் பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது என்பேன்.

நாடு தழுவிய ஏற்பாட்டுக்குப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. 2015 டிசம்பரில் வந்த உத்தரவின்படி 44 வட்டாரங்கள் ஆளுக்கொரு திட்டம் எழுதின, அவை எஸ்.டி.பி. ('சஸ்டெய்னபிலிட்டி அண்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன் பிளான்') எனப்பட்டன. அந்த வட்டாரங்களை ஆங்கிலத்தில் 'ஃபுட்பிரிண்ட்' என்றார்கள். தயவுசெய்து 'காலடித்தடம்' ஆக்கிவிடாதீர்கள், வட்டாரம் போதும். பிறகு 'அக்கவுண்டபிள் கேர்' என்ற பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. தனியார்மயத்துக்கு இது முன்னோட்டமோ என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2018இல் அந்தப் பெயரைக் கைவிட்டு 'இன்டகிரேட்டட்' என்றார்கள். 2022ஆம் ஆண்டின் சட்டத்தால் ஜூலை 1 முதல் 42 ஐ.சி.எஸ்.களுக்குச் சட்ட வடிவம் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் என்.எச்.எஸ். பணத்தை ஒரு வாரியம் கையாளும்; உள்ளாட்சிகளும் சேர்ந்த கூட்டவை வட்டாரத்துக்கான உத்தியை வகுக்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். 'இன்டகிரேட்' என்பதன் லத்தீன் வேர், குறைபடாத முழுமையைச் சொல்வது. நம் 'ஒருங்கு' பழைய சொல். 'வேண்டிய எல்லாம் ஒருங்கு' என்ற குறளில் (343) ஒருசேர என்று பொருள். ஆனால் 'ஒருங்கிணைப்பு' என்றதும் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒருங்கிணைப்பாளர்தான் நினைவுக்கு வருகிறார். ஒன்றாகக் கலந்துவிட்டார்களா, அவரவர் இடத்தில் இருந்தபடி ஒத்துழைக்கிறார்களா என்பதை அந்தச் சொல் காட்டாது. வேடிக்கை என்னவென்றால், இங்கே அது பொருந்திப்போகிறது. ஐ.சி.எஸ். வந்த பின்னும் மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். டிரஸ்ட்களும் உள்ளாட்சிகளும் தனித்தனி அமைப்புகளாகத்தான் இருக்கின்றன.

'கேர்' என்பதற்குப் பலரும் 'பராமரிப்பு' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் சாலைக்கும் லிஃப்டுக்கும்கூட அதே சொல்தானே? எனக்குப் 'பேணல்' பிடிக்கும். அதைவிட நெருங்கிய சொல் இன்னொரு குறளில் (950) இருக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம் என்கிறது அது. 'உழை' என்றால் பக்கம். உழைச்செல்வான் பக்கத்தில் இருந்து கவனிப்பவன். 1948இல் கோட்டுக்கு வெளியே நின்றுபோனவர் இவர்தான்.

ஆகவே 'ஒருங்கிணைந்த மருத்துவ, பேணல் அமைப்பு' என்பது என் பரிந்துரை. ஆங்கிலத்தில் 'கேர்' என்ற ஒரே சொல் தாங்குவதைத் தமிழில் இரண்டாகப் பிரித்தே சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் இணைப்பது எதை என்றே தெரியாது. உதவியாளருக்குப் 'பேணுநர்' போதும். 'உழையர்' என்ற பழஞ்சொல் ஆசைகாட்டத்தான் செய்கிறது, ஆனால் இன்றைய காதில் அது 'உழைப்பவர்' என்றே விழும்.